கேட்கத் தெரியாத சாரணன்

பேராசிரியப் பெருமக்களுக்கும் மாணவ நண்பர்களுக்கும் முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிட வேண்டும். நம் கல்லூரிப் பேரவை நடத்திய பேச்சுப் போட்டியில் 'சாரண உணர்வு' என்னும் தலைப்பில் பேசி முதற்பரிசு வாங்கியவன் நான். மூன்று விரல்களை உயர்த்தி வணங்குவதன் பொருள் என்ன, இடக்கையால் கைகுலுக்குவது ஏன், தொண்டு என்பது யாது என்றெல்லாம் ஏழு நிமிடம் மூச்சு விடாமல் முழங்கினேன். கைதட்டலும் எழுந்தது. பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டம்ளரில்தான் என் தங்கை இன்றும் காப்பி குடிக்கிறாள். அன்று நான் சொன்ன எதுவும் பொய்யில்லை. ஆனால் பேசியவனுக்கு அதன் பொருள் தெரிந்திருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். அது தெரிய வந்தது கோடை மலையில், வாட்டில் மரங்களின் நிழலில்.

நம் ரோவர் சாரணர் குழு சென்ற ஆவணி மாதம் பழனி மலைத் தொடரின் மேல்மலைப் பகுதிக்கு நான்கு நாள் முகாம் சென்றது. பழனியிலிருந்து பேருந்தில் ஏறினோம். கீழே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. சவரிக்காடு தாண்டியதும் காற்று மாறியது. பெருமாள்மலையில் தேநீர் குடிக்க இறங்கியபோது பாதிப் பேருக்குப் பல் கிட்டியது. கம்பளிச் சட்டை எதற்கு என்று வீட்டில் சண்டை போட்டு வந்த ஒருவன், பிறகு நான்கு நாளும் என் போர்வையைத்தான் போர்த்திக்கொண்டு திரிந்தான். கொடைக்கானல் ஏரியைப் பேருந்துச் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. 1863-ஆம் ஆண்டு லெவிஞ்சு என்னும் ஆங்கிலேய அதிகாரி ஓடையை மறித்து உண்டாக்கிய ஏரி அது. அதில் படகோட்ட எங்களுக்கு நேரம் ஒதுக்கப்படவில்லை. அந்தக் குறை சிலருக்கு இன்னும் இருக்கிறது.

பூம்பாறையைத் தாண்டி மன்னவனூர்ச் சாலையில் ஒரு சிற்றூரில் தங்கினோம். மேல்மலை என்றால் சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் கொடைக்கானல் அன்று. அடுக்கடுக்கான வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் உழவர் நாடு அது. அதற்கு அப்பால் மேடுகளில் புல்வெளி. பள்ளங்களில், நீரோடையைச் சுற்றி, சோலைக்காடு. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் மலையின் இயற்கை அமைப்பு. மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் கசியவிடுவது இவைதாம். இவற்றோடு மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட வாட்டிலும் யூகலிப்டசும், வேறு நாட்டுப் பைனும் புல்வெளிகளில் நடப்பட்டன. மற்றவை நட்ட இடத்திலே பெரும்பாலும் நின்றன. வாட்டில் நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, தீயோ வெளிச்சமோ பட்டவுடன் படையெடுத்ததுபோல் முளைக்கிறது. மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில் இரண்டடி உயரமுள்ள கன்றுகளைக் கையாலேயே வேரோடு பிடுங்கிவிடலாம். வனத்துறையின் அனுமதி பெற்று அந்த வேலையைச் செய்யத்தான் நாங்கள் போயிருந்தோம்.

எங்கள் அணியில் எட்டுப் பேர். நான் அணித்தலைவன், இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு. மற்ற எழுவரையும் இங்கே பெயர் சொல்லி எழுதினால் விடுதியில் என்னைச் சும்மா விடமாட்டார்கள். ஆகவே ஊரையும் துறையையும் மட்டும் சொல்கிறேன். ஒருவன் தாவரவியல் படிப்பவன்; இலையைக் கிள்ளி மோந்து பார்க்காமல் நடக்கமாட்டான். ஒருவன் பழனிக்காரன். ஒருவன் திண்டுக்கல், பேகம்பூர்ப் பக்கம். முதலாண்டு மாணவன் ஒருவன் அதே மேல்மலையில் பிறந்தவன். கல்லூரிக்காகக் கீழே இறங்கி வந்தவன். எங்களிலே குறைவாகப் பேசுபவன் அவன்தான். இன்னொருவன் பொருளியல் மாணவன். அவனைப் பற்றி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும்.

சாரணராகச் சேரும்போது ஓர் உறுதிமொழி எடுக்க வேண்டும். கடவுளுக்கும் நாட்டுக்கும் ஆற்ற வேண்டிய கடமையை இயன்றவரை செய்வேன், பிறருக்கு உதவுவேன், சாரணர் விதிக்குப் பணிவேன் என்பது அதன் சாரம். இந்தப் பொருளியல் நண்பனுக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. "வாயால ஒண்ணு சொல்லி மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டா முதல் விதியே போச்சுல்ல?" என்று கேட்டான். நம்பகத்தன்மைதான் முதல் விதி. கேள்வி நியாயந்தான். எங்கள் குழுவை வழிநடத்தும் பேராசிரியர் சிரித்துக்கொண்டே விதிநூலை எடுத்துக் காட்டினார். பாரத சாரணர் உறுதிமொழியில், விரும்புகிறவர்கள் கடவுள் என்னும் சொல்லுக்குப் பதிலாகத் தர்மம் என்னும் சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று குறிப்பே இருக்கிறது. நண்பன் அப்படியே சொல்லி உறுதி எடுத்தான். அவனுக்கு அடுத்து நின்று கடவுள் பெயரால் உறுதி எடுத்தவன் தினமும் திருநீறு பூசுபவன். இருவரும் ஒரே கொடியை வணங்கினார்கள். வானம் இடிந்து விழவில்லை.

அந்தச் சிறு குறிப்புக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. வரலாற்று மாணவன் என்பதால் அதைச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. 1907-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் சுமார் இருபது சிறுவர்களைக் கூட்டி முதல் முகாமை நடத்தினார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளும் அதில் ஒன்றாகப் படுத்து உறங்கினார்கள். ஆனால் 1909-இல் இயக்கம் இந்தியாவுக்கு வந்தபோது அது ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்களுக்கு மட்டுமே என்றிருந்தது. இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை என்பதை ஏற்காத அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் 1917-இல் நம் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினர். அதன் பிள்ளைகள் தலைப்பாகை கட்டிக்கொண்டு இந்தியப் பாட்டுகளைப் பாடினர். மறு ஆண்டு அலகாபாத்தில் மதன் மோகன் மாளவியா, குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை அமைத்தனர். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது பெசன்ட் அம்மையாரின் சங்கம் இணைந்தது; சேவா சமிதி இணையவில்லை. மன்னருக்குக் கடமைப்பட்டவன் என்று உறுதிமொழி சொல்லச் சொன்னால் விடுதலை வேட்கை கொண்டவர்கள் எப்படிச் சொல்வார்கள்? ஒரே ஒரு சொல்! அதற்காகப் பல்லாண்டுகள் தனித்தனிச் சங்கங்களாகவே நின்றார்கள். விடுதலைக்குப் பின் பேசிப் பேசித்தான், 1950 நவம்பர் 7-ஆம் நாள் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றானார்கள். 1951 ஆகஸ்டு 15-இல் சாரணியரும் சேர்ந்தனர்.

இதையெல்லாம் பேச்சுப் போட்டியிலும் சொன்னேன். தேதி பிசகாமல் சொன்னேன். இனி நான் செய்ததைச் சொல்கிறேன்.

முகாமின் இரண்டாம் நாள். நான்கு அணிகளாகப் பிரிந்து வேலை. எந்த அணி அதிகக் கன்றுகளைப் பிடுங்குகிறது என்று ஒரு போட்டி வைத்துக்கொண்டால் உற்சாகமாக இருக்கும் என்று யோசனை சொன்னவன் நானே. வெல்லும் அணியின் கூடாரத்தின் முன் முகாம்க் கொடி ஒரு நாள் பறக்க வேண்டும் என்று முடிவாயிற்று. காலையில் புல்வெளி ஓரத்தில் வேலை செய்தோம். அங்கே கன்றுகள் விட்டுவிட்டு நின்றன. நண்பகலில் கணக்கெடுத்தபோது எங்கள் அணி மூன்றாவது இடத்தில் இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

சற்றுக் கீழே பழைய வாட்டில் தோப்பு ஒன்று, சோலையின் விளிம்பை ஒட்டி இருந்தது. அதன் உள்ளே நிழலில் கன்றுகள் மண்டிக் கிடந்தன. ஓர் இழுப்புக்கு ஐந்தாறு வரும்போல் இருந்தது. "எல்லாரும் உள்ள வாங்கடா" என்றேன்.

மேல்மலைத் தம்பி மட்டும் தயங்கி நின்றான்.

"அண்ணே, இந்த நெழலுக்குள்ள வேணாண்ணே. வாட்டிலுக்கு அடியிலதான் எங்க ஊர்ப் பக்கம் சோலை மரமெல்லாம் திரும்ப முளைக்குது. வெளியிலயே பிடுங்குவோம்."

பொருளியல் நண்பனும், "அவன் ஊரு, அவனுக்குத் தெரியும். கொஞ்சம் பாத்துச் செய்யலாம்" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இன்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. "சரி தம்பி, நீ சொல்றதும் நல்ல கருத்துதான். மனசுல வச்சுக்கிறேன். இப்ப நேரமில்ல. வேணும்னா ஓட்டு எடுத்திருவோம்" என்றேன். கை தூக்கச் சொன்னேன். ஆறுக்கு இரண்டு. சனநாயகமும் ஆயிற்று, மனச்சான்றும் அடங்கிற்று.

வாட்டில் இலை புளிய இலையைப் போலப் பொடிப்பொடியாக இருக்கும். சோலைக் கன்றின் இலை தடித்து, வழவழப்பாக, கரும்பச்சையாக இருக்கும். கண் உள்ள எவனுக்கும் வேறுபாடு தெரியும். ஆனால் கொத்தாகப் பிடித்து இழுக்கும் கைக்குக் கண் இல்லை. மாலை ஐந்து மணிக்குள் எங்கள் குவியல் இடுப்பளவு உயர்ந்துவிட்டது. எண்ணிக்கை 1,140. கொடி எங்கள் கூடாரத்துக்கு வந்தது. இரவுச் சமையலில் எங்கள் அணிக்கு முதல் பந்தி.

மறுநாள் காலை, பனி விலகுமுன் பல் தேய்க்கப் போனவன் வந்து என்னை எழுப்பினான். எங்களுக்கு வழிகாட்டியாக வந்திருந்த வேட்டைத் தடுப்புக் காவலர் எங்கள் குவியலின் அருகே குந்தியிருந்தார். பளியர் குடியைச் சேர்ந்த பெரியவர். ஒவ்வொரு கன்றாக எடுத்துப் பார்த்து, சிலவற்றை மட்டும் ஈரச் சாக்கின்மேல் தனியாக அடுக்கிக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அவர் தலை நிமிரவில்லை. நானும் உட்கார்ந்து எண்ணினேன். 47.

"ஐயா, தெரியாமப் பண்ணிட்டோம்" என்றேன்.

அவர் கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். "இது காட்டு நாவலு தம்பி" என்று ஒன்றைக் காட்டினார். "வெயிலு பட்டா இது நிக்காது. அந்த வாட்டிலு நெழலு குடுக்கவும் வந்துச்சு. இந்த ஒசரம் வர நாலஞ்சு வருசம் ஆயிருக்கும்." அவ்வளவுதான். மீண்டும் குவியலுக்குள் கையை விட்டார்.

'தெரியாமல்' என்றேனே, அது பொய். தெரிந்தவன் ஒருவன் முந்தின நாள் பகலில் என் முன்னால் நின்று சொன்னான். நான் கேட்டேன், காதில் வாங்கினேன், நல்ல கருத்து என்று பாராட்டவும் செய்தேன். நம்பகத்தன்மைதான் முதல் விதி என்று மேடையில் கையை ஆட்டிப் பேசியவன், அந்தப் பெரியவரிடம் முதல் சொல்லாகச் சொன்னது பொய்.

அன்று பகல் பிடுங்கும் வேலையை நிறுத்திவிட்டு, பெரியவர் காட்டிய இடங்களில் அந்தக் கன்றுகளை மீண்டும் நட்டோம். வேர் அறுந்தவை பல. எவ்வளவு தேறும் என்று கேட்டபோது அவர் கையை மட்டும் விரித்தார். கொடியை மதியமே கழற்றி அடுத்த அணியிடம் கொடுத்தோம். அவர்கள் கேலி செய்தார்கள். அது அவர்கள் உரிமை.

இரவு பாசறைத் தீ அணைந்தபின் எங்கள் அணி மட்டும் தணலைச் சுற்றி உட்கார்ந்தது. சாரணர் முறையில் அணிக்கூட்டம் என்று ஒன்று உண்டு. தலைவன் ஆணையிடுவதற்கு முன் அணியில் ஒவ்வொருவரும் பேச வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது அது. நாங்கள் இதுவரை அதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவோம். யார் பாத்திரம் கழுவுவது, யார் தண்ணீர் எடுப்பது, முடிந்தது கூட்டம். அன்று நான், "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தணல் வெடிக்கும் ஓசை மட்டும் கேட்டது.

கடைசியில் மேல்மலைத் தம்பிதான் பேசினான். "நீங்க நேத்து கேட்டீங்கண்ணே. இல்லேன்னு சொல்லல. ஆனா முடிவு பண்ணிட்டுக் கேட்டீங்க."

அவன் குரலில் குற்றச்சாட்டே இல்லை. வானிலை சொல்வதுபோல் சொன்னான். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "வாட்டிலைப் பத்தி நீ என்ன நெனக்கிற? முழுசாச் சொல்லு" என்றேன். அவன் சொன்னது நான் எதிர்பார்த்தது அன்று. வாட்டில் வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. அவனுடைய அம்மாவுக்கு அடுப்பெரிவது காய்ந்த வாட்டில் விறகால். அறுவடை செய்த பூண்டைப் பரணில் கட்டிப் புகை போடுவதும் அந்த விறகில்தான். "ஒரே நாள்ல எல்லாத்தையும் வெட்டிட்டா நாங்க விறகுக்கு எங்க போறது? சோலைக்குள்ளதான் போகணும்" என்றான்.

தாவரவியல் நண்பன் பொறுக்காமல் குறுக்கிட்டான். அவன் கட்சி வேறு. புல்வெளிதான் மலையின் பஞ்சு; அதை இழந்துவிட்டோம்; பரிதாபம் பார்த்தால் மிச்சமும் போய்விடும்; வாட்டிலை வேரோடு ஒழிப்பதே வழி என்றான். பழனிக்காரன் அவன் பக்கம் சேர்ந்தான். மலையின் வடசரிவில் பெய்கிற மழைதான் வரதமாநதிக்கும் பாலாறு பொருந்தலாறு அணைக்கும் வருகிறது. ஓடை வற்றினால் கீழே குடிதண்ணீருக்கு அலைவது எங்கள் தெருதான், குடத்தோடு நிற்பது என் அம்மாதான் என்றான். மலைமேல் ஓர் அம்மாவின் அடுப்பு, மலையடியில் இன்னோர் அம்மாவின் குடம். இரண்டும் உண்மை. எதை நான் தள்ளுவது?

திண்டுக்கல் நண்பன் அதுவரை குச்சியால் தணலைக் கிளறிக்கொண்டிருந்தான். "இந்த மரத்தை யாரு கொண்டாந்தான்னு எல்லாரும் திட்டுறீங்க. எங்க தாத்தா தோல் ஷாப்புல வேலை பாத்தாரு. வாட்டில் பட்டை இல்லேன்னா எங்க வீட்டுல சோறு இல்ல" என்றான். தோல் பதனிடுவதற்கு வேண்டிய துவர்ச்சத்து அந்தப் பட்டையில் மிகுதி. அதை முன்பு பெருமளவு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாங்கினார்கள். அங்கே இந்தியர்களுக்கு இழைக்கப்பட்ட நிறவெறிக் கொடுமையைக் கண்டித்து 1946-இல் இந்தியா அந்த நாட்டோடு வாணிகத்தையே நிறுத்திக்கொண்டது. பிறகு பட்டைக்கு நம் மலைகளை நாடினார்கள். அறம் கருதி எடுத்த முடிவு ஒன்றும் இந்த மரத்தை மேலே ஏற்றியிருக்கிறது! இது என் பாடத்துறை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. தாத்தா கதையாக அவன் சொல்லித்தான் நான் தேடிப் படித்தேன்.

நேரம் போனதே தெரியவில்லை. அன்று தோன்றியது ஒன்று. பழைய தமிழில் சாரணர் என்னும் சொல் ஒற்றரையும் குறிக்கும், ஊர் ஊராகத் திரியும் துறவிகளையும் குறிக்கும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் வழியில் ஒரு சாரணரைச் சந்திக்கிறார்கள். படையில் சாரணன் வேலை என்ன? முன்னே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கண்டதைச் சொல்வது. தலைவனுக்குப் பிடித்ததைச் சொல்வதற்கு அவனை அனுப்புவதில்லை. ஆற்றில் வெள்ளம் என்று அவன் வந்து சொன்னால், நல்ல கருத்து என்று பாராட்டிவிட்டு ஆற்றில் இறங்குகிற தலைவனை என்னவென்று சொல்வது? எங்கள் அணியில் அன்று எழுவர் ஏழு திசைக்கும் போய் வந்தவர்கள். அவர்கள் பிறந்து வளர்ந்ததே அப்படிப் போய் வந்ததுதான். நான் நடக்காத நிலத்தில் அவர்கள் நடந்திருக்கிறார்கள். அதற்குக் கருத்து வேறுபாடு என்று பெயர் வைத்து, பொறுத்துக்கொள்வதே பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன்.

நமது சாரணர் விதிகள் ஒன்பது. எண்ணிப் பார்த்தேன். நட்பு உண்டு, பண்பு உண்டு, துணிவு உண்டு, சிக்கனம்கூட உண்டு. 'கேள்' என்று ஒரு விதி இல்லை. வள்ளுவர் வைத்திருக்கிறார், 42-ஆம் அதிகாரத்துக்குப் பெயரே கேள்வி. நாமோ அந்தச் சொல்லையே திருப்பிவிட்டோம். கேள்வி என்றால் இன்று நாம் பிறரை மடக்குவதற்குப் போடும் வினா.

இதை எழுதுவதால் அன்று இரவே எல்லாரும் ஒரு கருத்துக்கு வந்துவிட்டோம் என்று நினைத்துவிட வேண்டா. தாவரவியல் நண்பன் இன்றுவரை தன் கட்சியை விடவில்லை. காவலரும் மேல்மலைத் தம்பியும் சொல்வது சோலை ஓரத்துக்குப் பொருந்தும், திறந்த புல்வெளிக்குப் பொருந்தாது என்பான். அறிஞர்களுக்குள்ளும் இந்த வழக்கு உண்டு. வாட்டிலை முற்றாக அகற்றிப் புல்வெளியை மீட்க வேண்டும் என்போர் ஒரு சாரார். தோப்பின் நிழலிலே சோலை தானாகத் திரும்புகிறது, ஒரேயடியாக வெட்டி வெளிச்சம் விட்டால் புதைந்து கிடக்கும் வாட்டில் விதைதான் முதலில் எழும் என்போர் வேறு சாரார். வட்டக்கானல் பக்கத்தில் பல்லாண்டுகள் சோலைக் கன்றுகளை வளர்த்தவர்கள் கண்டு சொன்னது இரண்டாவது. 2013-இல் கொடைக்கானல் வனவுயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டபின் இந்தப் பேச்சு மேலும் வலுத்தது. எங்கள் எட்டுப் பேருக்குத் தணலருகில் கிடைத்த முடிவு மிகச் சிறியது. நான்காம் நாள் திறந்த புல்வெளியில் மட்டும் பிடுங்குவது, ஒவ்வொரு கன்றாக, இலையைப் பார்த்து, நிழலுக்குள் நுழைவதில்லை, பிடுங்கிய தண்டுகளை விறகுக்கு ஆகும்படி ஊர் எல்லையில் அடுக்கிவிட்டு வருவது. அப்படியே செய்தோம். எண்ணிக்கை 212. கடைசி இடம்.

கீழே இறங்கியபின் இன்னொரு சண்டை. முகாம் அறிக்கையை எழுத வேண்டியவன் நான். அந்த 47 கன்றுகளை எழுதுவதா வேண்டாவா? எழுத வேண்டும் என்றேன். அணியில் மூவர் ஒப்பவில்லை. கல்லூரிக்குக் கெட்ட பெயர், அடுத்த ஆண்டு அனுமதி தரமாட்டார்கள், தவற்றைத் திருத்திவிட்டோமே பிறகு எதற்கு என்றார்கள். அனுமதி பற்றிய அச்சம் பொருளற்றது அன்று. இம்முறை கை தூக்கச் சொல்லவில்லை. இரண்டு மாலை உட்கார்ந்து பேசினோம். கடைசியில் நடந்ததை அப்படியே எழுதி, அதன்கீழ் மூவரும் ஏன் எழுத வேண்டா என்றார்கள் என்பதையும் அவர்கள் சொற்களிலேயே சேர்த்தோம். இதற்கு முன்மாதிரி நம் இயக்கத்திலேயே இருக்கிறது. சாரணர் சங்கங்களை ஒன்றாக்கப் பாடுபட்டவர்களுள் ஒருவர் விவியன் போஸ். அவர் உச்ச நீதிமன்ற நீதியரசராகவும் இருந்தார். 1951-ஆம் ஆண்டு தடுப்புக் காவல் வழக்கில் பெரும்பான்மை நீதியரசர்களோடு ஒத்துப்போகாமல் மாறான தீர்ப்பை எழுதினார். இணைப்புக்கு உழைத்த கைதான் அந்தத் தீர்ப்பையும் எழுதிற்று. தீர்ப்புத் தொகுதியில் இரண்டும் அடுத்தடுத்தே அச்சாகியிருக்கின்றன.

அறிக்கையைப் படித்த பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டார். "இது பரிசு வாங்காது" என்று மட்டும் சொன்னார்.

இந்த ஆண்டு எங்கள் அணிக்குத் தலைவன் மேல்மலைத் தம்பி. முதல் கூட்டத்தில் தன் முறை கடைசியில்தான் வரும் என்று சொல்லிவிட்டு, புதிதாகச் சேர்ந்த முதலாண்டு மாணவனைப் பார்த்து, "நீ சொல்லு" என்றான். பையன் வெலவெலத்துப் போய், சொல்ல ஒன்றுமில்லை அண்ணே என்றான். "பரவாயில்ல, இருக்கோம்" என்று தம்பி காத்திருந்தான். எங்கள் எல்லாருக்கும் அந்த ஒரு நிமிடம் மிக நீளமாக இருந்தது. பிறகு பையன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

தை விடுமுறைக்கு ஊருக்குப் போய் வந்தவன் எனக்கு ஒரு செய்தி கொண்டுவந்தான். உறைபனி விழுந்த வாரத்தில் காவலர் ஐயாவோடு போய்ப் பார்த்தானாம். நாங்கள் திருப்பி நட்ட 47-இல் 9 கன்றுகள் துளிர்விட்டு நிற்கின்றனவாம்.

"ஒம்பதுதானா?" என்றேன்.

"ஒம்பது நிக்குதுண்ணே" என்றான்.